அண்ணன் அயித்தான் ஆன வாரம்

போன மாதம் காரைக்குடியில் ஒரு வாசகர் சந்திப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேசிவிட்டுக் கீழே இறங்கியதும் நாலைந்து இளம்பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் செல்போனில் தொடர்கதை எழுதுகிறவர்கள். காலையில் ஒரு அத்தியாயம் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாசகர்கள் வரிசையாகக் கருத்துச் சொல்லிவிடுகிறார்களாம். அவர்களில் ஒருத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டாள்.

“ஒங்க காலத்துல கமென்ட்டே கெடையாதேம்மா. படிக்கிறவுக என்ன நெனைக்கிறாகன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கமென்ட் கிடையாதா? என் முதல் தொடர்கதைக்கு வந்த கமென்ட், வாசலில் கார் அனுப்பி என்னை ஏற்றிக்கொண்டு போனது. அதைச் சொல்லத் தொடங்கினேன். அரங்கத்தைப் பூட்ட வந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தினேன். மீதியை இங்கே எழுதுகிறேன். நான் நாவல் எழுதுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் இப்போதும் கை துறுதுறுக்கிறது.

என் பெயர் லூர்துமேரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதே காரைக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வாத்தியார் வீடுகளில் ஒன்றில்தான் வளர்ந்தேன். எழுதக் கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அப்பா திருத்தி முடித்த பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். அனுப்பினேன், திரும்பி வந்தது; மறுபடியும் அனுப்பினேன். சில சிறுகதைகள் அச்சில் வந்தபிறகு, அறுபதுகளின் கடைசியில், சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் கார்டு போட்டார். “தொடர்கதை எழுத வருமா? வரும் என்றால் ஒரு அத்தியாயத்தோடு நேரில் வரவும்.” அவ்வளவுதான். ஒரு வணக்கம்கூட இல்லை. நான் அந்தக் கார்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

சென்னைக்கு அப்பாவும் கூட வந்தார். ஆசிரியர் ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். அவர் பேச்சில் பாதி ‘ம்’தான். இழுத்து ‘ம்ம்’ என்றால் பிடிக்கவில்லை, சட்டென்று ‘ம்’ என்றால் மேலே போகலாம். இது பிடிபடவே எனக்கு ரொம்ப நாளாயிற்று.

நான் கொண்டுபோன அத்தியாயத்தை அவர் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் உருவித் தன் மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மணி அடித்து ஆளைக் கூப்பிட்டு, மற்றப் பக்கங்களை அச்சுக் கோக்கும் கம்பாசிட்டரிடம் கொடுத்தனுப்பினார். பிறகு காப்பி குடித்தார், தபால் பார்த்தார். அப்பா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, மை படிந்த விரல்களோடு கம்பாசிட்டரே உள்ளே வந்தார்.

“கடைசிப் பக்கம் காணமே சார்.”

“மத்ததெல்லாம் கோத்தாச்சா?” என்றார் ஆசிரியர்.

“இன்னும் ஆரம்பிக்கல சார்.”

“அப்புறம் கடைசிப் பக்கம் எதுக்கு?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். “சும்மாதான் சார். அந்தப் பொண்ணு வண்டியில ஏறிச்சா இல்லையான்னு...”

ஆசிரியர் பேப்பர் வெயிட்டைத் தூக்கிப் பக்கத்தைக் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, “இங்கே பேப்பர் திருத்துவது அவர்தான். தேறிவிட்டாய்” என்றார். அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றேன்.

பெயரையும் அவரே மாற்றினார். “லூர்துமேரி எழுதும் காதல் தொடர் என்று போட்டால், ஜெபப் புத்தகம் என்று வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள்.” அன்றைக்கு அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். நான் ‘மாதுளா’ ஆனது அப்படித்தான்.

ஊர் திரும்பும் ரயிலில் அப்பா தன் கணக்கைச் சொன்னார். “இந்தத் தொடர் நல்லபடியா முடிஞ்சா நீ எழுது, நான் குறுக்க நிக்க மாட்டேன். பாதியில நின்னு போச்சுன்னா டீச்சர் ட்ரெயினிங் சேரணும். அப்புறம் கதை கிதைன்னு பேச்சு வரக் கூடாது. சம்மதமா?” சம்மதம் என்றேன். அப்பா கணக்கில் சலுகை மதிப்பெண் கிடையாது.

வேலை முறை இதுதான். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், இடது ஓரம் இரண்டு விரல் விட வேண்டும். படம் வரைகிறவருக்கு ஒரு வாரம் முன்னாலேயே காட்சி சொல்லிவிட வேண்டும். படத்தை அச்சடிக்க உலோகத் தகட்டில் ப்ளாக் எடுக்க அவ்வளவு நாள் பிடிக்கும். காதலர்கள் கல்யாண மாலை விழும்வரை ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. அத்தியாயம் செவ்வாய்க்கிழமை ஆசிரியர் மேஜைக்கு வந்துவிட வேண்டும். நான் திங்கட்கிழமை மாலைவரை எழுதிக்கொண்டே இருப்பேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் பறப்பேன். சென்னை ரயிலில் தபால் வண்டி ஒன்று சேர்ந்து வரும். கூடுதலாக ஒரு தபால்தலை ஒட்டினால் உறையை அதன் பெட்டியிலேயே போட்டுவிடலாம். ரயில் கிளம்பப் பச்சைக் கொடி அசைக்கும்போதுகூட ஓடிப் போட்டிருக்கிறேன்.

கதை செட்டிநாட்டில் நடக்கட்டும் என்றார் ஆசிரியர். பெரிய வீடும் பெரிய கதவும் சென்னைக்காரர்களை வாய் பிளக்க வைக்கும் என்பது அவர் எண்ணம். எனக்கும் துணிச்சல் இருந்தது. கூடப் படித்த நகரத்தார் வீட்டுப் பெண்களின் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தானே நான். அவர்கள் என்ன சமைப்பார்கள், என்ன உடுத்துவார்கள், எப்படிப் பேசுவார்கள் என்பதெல்லாம் தெரியும். என்ன செய்யமாட்டார்கள் என்பது தெரியாது. அது தெரியாது என்பதும் தெரியாது.

கதாநாயகி வள்ளியம்மை, கதாநாயகன் சோமு. இருவரும் மாந்தோப்பில் சந்தித்துக் காதலிக்கிற செட்டியார் வீட்டுப் பிள்ளைகள். தொடர் பிய்த்துக்கொண்டு போயிற்று. வியாழக்கிழமை காலை ரயிலில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கினால், பஸ் ஸ்டாண்டுக் கடையில் மத்தியானத்துக்குள் காலி. ‘மாதுளா’ யாரென்று ஊருக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும். அதாவது, ஊருக்கே தெரியும்.

திருவிழா அத்தியாயத்தை எழுதியபோது நான் பூரித்துப் போனேன். வள்ளியம்மையும் சோமுவும் கோயில் திருவிழாவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சோமுவின் தகப்பனார் கோயில் மாலையை வாங்குகிறார், பக்கத்தில் வள்ளியம்மையின் தகப்பனார் நிற்கிறார். “எங்கள் கோயிலில் உங்களைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை” என்கிறாள் வள்ளியம்மை. இருவரும் ஒரே கோயில் பிள்ளைகள். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? என் புத்திக்கு அப்படித்தான் பட்டது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கோயில் என்றால் ஓலையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அலைச்சல் இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்த அத்தியாயம் வந்த மறு வியாழக்கிழமை, கடையில் கட்டு அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரம் ஆசிரியரின் கார்டு வந்தது. “காரைக்குடிப் பக்கம் இதழ் கட்டுக் கட்டாகத் திரும்புகிறது. காரணம் தெரிந்தால் எழுதவும். தெரியாவிட்டால் இரண்டு வாரத்தில் கதையை முடித்துவிடவும்.” அப்பா அதைப் படித்துவிட்டு மேஜைமேல் என் எழுத்துத் தாள்களுக்கு மேலே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் சந்துக்குள் ஒரு கறுப்பு கார் நுழைந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, “உண்ணாமலை ஆச்சி கூட்டியாரச் சொன்னாக” என்றார். நகரத்தார் வீட்டில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் ஆச்சிதான், வயது கணக்கில்லை. இந்த ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வீட்டுக்குள் வளவில், வானம் பார்த்த நடு முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு ஆச்சிகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எனக்கு ஒரு பலகை. குற்றவாளிக் கூண்டு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“வாத்தியார் மகதானே? மொதல்ல காப்பியக் குடி” என்றார் உண்ணாமலை ஆச்சி. “வையிறதா இருந்தாலும் வெறும் வயித்துல வையக் கூடாது.”

குடித்தேன். நாக்கு சுட்டது.

“எங்க மீனா வியாழக்கெழமதோறும் ஒங் கதைய வாசிக்கும். நாங்க சுத்தி ஒக்காந்து கேப்போம். அடுப்புல பாலு பொங்குனாக்கூட ஒருத்தி எந்திரிக்க மாட்டா. அந்தக் கதையில போய் இப்பிடிப் பண்ணிட்டியேத்தா.”

“என்ன ஆச்சி தப்பு பண்ணிட்டேன்?”

“ரெண்டு பேரும் ஒரே கோயில்னு எழுதியிருக்க.”

“ஆமா ஆச்சி.”

“என்ன ஆமா? ஒரே கோயில்னா பங்காளிக. அவன் அவளுக்கு அண்ணன்.”

காப்பி டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. நான் எழுதிய அந்தக் கோயில் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தாய் மக்கள் மாதிரி. அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை கோயிலிலிருந்து ஒரு மாலை, பெண் கோயிலிலிருந்து ஒரு மாலை, இரண்டும் வந்தால்தான் அது கல்யாணம். நான் ஓலை வாசித்துவிட்டேன். ஊரே எழுந்து நின்று தடை சொல்கிறது.

“அண்ணனும் தங்கச்சியும் மாந்தோப்புல நின்னு கண்ணக் கண்ணப் பாத்துக்கிறத எம் மக வாயால வாசிக்கச் சொல்றியா? அதான் நிறுத்திப்புட்டோம். இந்தத் தெருவே நிறுத்திருச்சு.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நீங்க நிறுத்த வேண்டியதில்ல ஆச்சி. பத்திரிகையிலயே நிறுத்தச் சொல்லிட்டாக. ரெண்டு வாரத்துல முடிக்கணும். அதோட நான் எழுதுறதும் முடிஞ்சுது” என்றேன்.

நல்லது என்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் மூலையிலிருந்து ஒரு ஆச்சி, “முடிக்கிறதா? அப்ப அந்தப் பிள்ளைக கதி?” என்றார்.

“அந்தப் பய அவ்வளவு நல்லவனா இருக்கானே.”

“வள்ளியம்மைக்கு வேற எடத்துல முடிச்சிருவாகளோ?”

உண்ணாமலை ஆச்சி கையை உயர்த்தினார். “கல்யாணம் ஆகணும். ஆனா மொறையோட ஆகணும். அதுக்குத்தான் இந்தப் பிள்ளையக் கூட்டியாரச் சொன்னேன். எல்லாரும் யோசிங்க.”

எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. என் கதாநாயகியைக் கரையேற்ற ஏழெட்டு ஆச்சிகள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்! அழுகை போன இடம் தெரியவில்லை. சோமு தத்துப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“பிள்ளை கூட்டிக்கிட்டா அவன் அந்தக் கோயில் பிள்ளைதான். இன்னும் கெட்டியான பங்காளியாயிருவான்.”

“கோயில் பேரு அச்சுல மாறிப்போச்சுன்னு அடுத்த வாரம் போட்டுட்டா?”

“போடலாம். நாங்களும் சரின்னு சொல்லுவோம். மனசு ஒத்துக்கிராதே.”

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல், தூண் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலையில் கொட்டான் கூடை முடைந்துகொண்டிருந்தவர் சிகப்பி ஆச்சி. உண்ணாமலை ஆச்சியின் ஓரகத்தி. இருவர் கணவர்களும் அண்ணன் தம்பி; இருவருக்கும் அந்த ஒரே வீடுதான். ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்.

“அவ ஆத்தா பொறந்த கோயிலா இருக்கும்.”

எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

“வள்ளியம்மைக்கு அவ அப்பச்சி கோயில் வேற. இது அவ ஆத்தா பொறந்த வீட்டுக் கோயில். அப்ப அந்த சோமு யாரு? ஆத்தாளோட தம்பி மகன்.”

“அயித்தான்!” என்று கத்திவிட்டேன். நான் கத்தியதில் மீனா கையிலிருந்த பத்திரிகை கீழே விழுந்தது. தாய்மாமன் மகன். முறை மாப்பிள்ளை. அண்ணனாக இருந்தவன் ஒரே வாக்கியத்தில் அத்தை மகளை உரிமையோடு கேட்கிறவனாகிவிட்டான்!

உண்ணாமலை ஆச்சி லேசில் விடுகிறவர் இல்லை. “பொறு. வாசி மீனா, அந்த அத்தியாயத்த மறுபடி வாசி. எங்க இடிக்குதுன்னு பாப்போம்.” மீனா வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் வழக்கு நடந்தது.

“அவ அப்பச்சி மாலை வாங்குனாருன்னு இருக்கா?”

“இல்ல ஆச்சி, அவ அப்பா பக்கத்துல நின்னாருன்னுதான் இருக்கு” என்றேன்.

“அந்தக் கோயில் பொண்ணக் கட்டுன மாப்பிள்ளைதானே, பக்கத்துல நிக்கலாம். சரி. எங்கள் கோயில்னு அவ சொல்றாளே?”

“ஆத்தா பொறந்த கோயிலயும் பிள்ளைக எங்க கோயில்னுதான் சொல்லும்” என்றார் மூலை ஆச்சி.

“சரி. தாய்மாமன் மகன இவளுக்கு ஏன் முன்னாலயே அடையாளம் தெரியல?”

சிகப்பி ஆச்சியின் விரல்கள் ஓலையில் நின்றன.

“போக்குவரத்து இல்லன்னா எப்படித் தெரியும்? அக்காவுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கலா இருக்கும். ஆம்பளைக மரியாதைக்குப் போவாக, பக்கத்துல நின்னுட்டுப் பேசாம வந்துருவாக. பொம்பளை எப்படிப் போவா? அவளும் போயிருப்பா. யாருக்கும் சொல்லாம. தூண் மறைவுல நின்னு, தம்பி மாலை வாங்குறதப் பாத்துட்டு, அவன் திரும்புறதுக்குள்ள வந்துருப்பா.”

சொல்லிவிட்டு மறுபடி முடையத் தொடங்கினார். உண்ணாமலை ஆச்சி எழுந்து, “சென்னைக்கு டிரங்க் கால் போடுவோம்” என்று என்னை முன்கட்டுக்குக் கூட்டிப் போனார். இணைப்புக்குக் காத்திருந்தபோது என் காதோரம் சொன்னார். “அவ சொன்னது கதையில்லத்தா. தம்பி பக்கத்து ஊருதான், டவுன் பஸ் போற தூரம். இவ மகன் கல்யாணத்துல பேச்சு முத்திப் போயி, ‘நான் கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிக்காத’ன்னு சொல்லிட்டா. அவனும் மிதிக்கல. இவளும் கூப்பிடல. வருசம் எத்தனையோ ஆச்சு.”

திரும்பி வளவுக்குப் போய் சிகப்பி ஆச்சி முன்னால் உட்கார்ந்தேன். “ஆச்சி, நீங்க சொன்னத நான் எழுதலாமா?”

“பேரு என்னன்னு போடுவ?”

“அந்த ஆத்தாளுக்கு ஏற்கெனவே வேற பேரு வச்சாச்சு ஆச்சி.”

“அப்ப எழுது.” அடுத்த ஓலையை எடுத்துக்கொண்டே, “அந்தத் தம்பிய மட்டும் பொல்லாதவனா எழுதிறாத. நல்லவன்” என்றார்.

டிரங்க் கால் கிடைத்தது. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். ஆசிரியர், “ஒரே கோயில் என்றால் நல்லதுதானே?” என்றார். உண்ணாமலை ஆச்சி ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“ஐயா, காரைக்குடியில இருந்து பேசுறேன். ஒங்க ஊருல அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணி வப்பீகளா? மாட்டீகள்ல? நாங்களும் மாட்டோம். இந்தப் பிள்ளை சரி பண்ணி அனுப்பும். போட்டீகன்னா தெருவே வாங்கும். நிறுத்துனீகன்னா நாங்க ஒங்க பத்திரிகைய வீட்டுக்குள்ள விட மாட்டோம்.”

ரிசீவரை என்னிடம் திருப்பித் தந்தார். அந்தப் பக்கம் ஆசிரியர் தாள் புரட்டும் சத்தம். “படத்துக்கு ப்ளாக் எடுத்தாகிவிட்டது. தூணில் சாய்ந்து கதாநாயகி அழுகிறாள். கதையை மாற்றலாம், படத்தை மாற்ற முடியாது. செவ்வாய்க்கிழமை வர வேண்டும்” என்றார். பிறகு, ‘ம்’. சட்டென்ற ‘ம்’.

தூண்! அந்தப் படத்துக்கு நான் முதலில் சொல்லியிருந்தது அப்பச்சி அதட்டி மகள் அழுகிற காட்சி. இப்போது தூணில் சாய்ந்து வள்ளியம்மை அழுவது, தன் ஆத்தாள் இன்னொரு தூண் மறைவில் நின்ற கதையைக் கேட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மடியில் ஜெபப் புத்தகம், மனசில் தூண். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை, அவ்வளவு சந்தோஷமாகவும் எழுதியதில்லை. திங்கள் மாலை ஜங்ஷனில் ரயில் நகர்ந்துவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். தபால் வண்டிக்காரர் கையை வெளியே நீட்டி உறையை வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. அப்பா மெதுவாக ட்ரெயினிங் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். புதன்கிழமை காலை தந்தி வந்தது. தந்தி என்றால் சாவுச் செய்தி என்று அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா பிரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்தார். “கம்பாசிட்டர் கடைசிப் பக்கம் கேட்டுவிட்டார். தொடரவும்.”

அப்பாவுக்கு அந்தக் கம்பாசிட்டரை ஞாபகம் இருந்தது. தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பாஸ்” என்றார். அதன்பிறகு எழுபதுகள் முழுக்க நான் எழுதிக்கொண்டே இருந்தேன், வாரத் தொடரும் மாத நாவலுமாக. எவ்வளவோ காதலர்களைச் சேர்த்து வைத்தேன். ஒவ்வொரு கதையிலும் முதலில் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் காதலைத் தொடங்குவேன்.

ஆனால் அந்த முதல் தொடர் போல் ஒன்று அமையவில்லை. கட்டுகள் மத்தியானத்துக்குள் மறுபடி காலியாயின. கதை காதலர்களை விட்டுவிட்டு அக்காள் தம்பி பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. அந்தத் தம்பி எப்படித் திரும்பி வருவார் என்று எனக்குப் புரியவில்லை. சிகப்பி ஆச்சியிடமே போய்க் கேட்டேன்.

“படிக்குக் கீழ வந்து நிப்பான். உள்ள வர மாட்டான். கூப்பிடாம வரக் கூடாதுன்னு அவதானே சொன்னா” என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன். அக்காள் ஓடிப்போய்த் தம்பி கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். கடைசி வாரத்தில் இரண்டு கோயில்களிலிருந்து இரண்டு மாலைகள் வந்து, வள்ளியம்மைக்கும் சோமுவுக்கும் கல்யாணம் நடந்தது.

கல்யாண அத்தியாயம் வந்த வாரம், ஞாயிறு பூசை முடிந்து ஆச்சி வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். வாசலில் ஒரு கார் நின்றது. படிக்குக் கீழே, தெருவிலேயே, தலை நரைத்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கையில் ஒன்றுமில்லை. நான் படியேறப் போனேன்.

“உள்ள போறீகளா?” என்று கேட்டார். “சிகப்பி ஆச்சிகிட்ட, தம்பி வந்திருக்கான்னு சொல்லுங்க. கதையில எழுதியிருக்கிற மாதிரி படிக்குக் கீழதான் நிக்கிறேன்னும் சொல்லுங்க.”

“நீங்க கதை படிச்சீகளா?”

“எங்க வீட்டுலயும் வியாழக்கெழம வாசிக்கிறாக. தூண் மறைவுல ஒரு அக்கா நிக்கிறதா ஒருத்தங்க எழுதியிருந்தாகள்ல, அது எங்க அக்கா. வருசா வருசம் வரும். சேலைத் தலைப்பு தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் நீங்க திரும்பிப் பாக்கல?”

“பாத்துட்டேன்னா அப்புறம் வராம இருந்துருமே” என்றார்.

நான் நடந்தேனா ஓடினேனா என்று தெரியாது. முகப்பு, வளவு எல்லாம் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். சிகப்பி ஆச்சி அரிசி களைந்துகொண்டிருந்தார். வாசலில் தம்பி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சேலைத் தலைப்பையும் சொன்னேன்.

ஆச்சியின் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கதையில அவ ஒடனே ஓடிப்போய்க் கூப்பிட்டுட்டா. நீ எளகுன மனசுக்காரி, அப்படி எழுதிட்ட. நான் கொஞ்ச நேரம் நிக்க வைக்கத்தான் போறேன்.”

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் முன்னால் நடந்தார். எனக்கு முன்னால் முகப்பைத் தாண்டிப் போய்விட்டார். நான் வளவில் நிற்கும்போதே வாசலிலிருந்து ஆச்சியின் குரல் கேட்டது.

“வெயில்ல எதுக்குடா நிக்கிற? உள்ள வா.”